எட்டு மீட்டர் அலை, பத்தடி அறை

பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியைச் சுண்டினால் அது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அந்த அதிர்வு காற்றில் எழுப்பும் அலையின் நீளம் எட்டு மீட்டருக்குச் சற்று அதிகம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களின் பழைய லயத்து வீடுகளில் ஓர் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி இருந்தாலே பெரிது. அறையின் நீளத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் கூடுதலான அலையை அந்த அறைக்குள் எழுப்பி, அங்கேயே உட்கார்ந்து கேட்டு, சரியாக இருக்கிறதா என்று தீர்மானிக்க வேண்டும். வீட்டிலிருந்தபடி கவர் பாடல்களைப் பதிவு செய்துவரும் கிட்டார்காரர் பேஸ் பக்கம் கை நீட்டும்போது எதிர்கொள்வது இதைத்தான். ஆறு கம்பி போய் நான்கு கம்பி வந்தது என்பது இதில் மிகச் சிறிய மாற்றம்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் குறித்துவைத்த மேட்டுநிலம் கேமரன் மலை. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்க வந்த தமிழ்க் குடும்பங்களோடு தப்பும் உறுமியும் மலையேறின. வானொலி வந்தபின் திரைப்பாட்டு வந்தது. மலேசியத் தமிழர் கையில் கிட்டார் புதிதல்ல. 1960-களின் பிற்பகுதியில் பினாங்கில் உருவான ஆலிகேட்ஸ் குழுவின் முகமும் குரலும் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் என்ற சகோதரர்கள்தாம். அவர்கள் மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றார்கள். இன்று இந்த மலையின் ரிங்லெட்டிலோ பிரிஞ்சாங்கிலோ ஒரு கிட்டாரும் கைப்பேசியும் சிறிய ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு பாடலை எழுப்பிவிட முடிகிறது.

தமிழ்ப் பாட்டு வாசிக்கும் கிட்டார்காரர் எவரும் ஒருநாள் வந்து நிற்கும் இடம் 'இளைய நிலா'. 1982-இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் ஆர். சந்திரசேகர் வாசித்த அந்த கிட்டார் இழையை மணிக்கணக்கில் பழகி, பதிவு செய்து, திரும்பக் கேட்கும்போது ஏதோ குறைவது தெரியும். விரல்களில் குறை இருக்காது. இளையராஜாவின் இசையில் பேஸ் என்பது தாளத்துக்கு அடிக்கல் மட்டுமல்ல, மெட்டோடு கூடவே நடக்கும் இரண்டாவது மெட்டு. அவருடைய பாடல்களில் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனையும், ரஹ்மானின் பாடல்களில் வாசித்த கீத் பீட்டர்ஸையும் பெயர் சொல்லிக் கொண்டாடும் ரசிகர்கள் மிகக் குறைவு. எனக்கு இது ஒரு குறையாகவே படுகிறது. பேஸை நாம் தனியாகக் கேட்பதில்லை. அது இல்லாதபோதுதான் கவனிக்கிறோம். அதற்குக் காரணம் ரசனை மட்டுமல்ல, காதின் அமைப்பும்தான்.

முதலில் கம்பி. 1636-இல் மரேன் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி எழுதிவைத்த விதி இன்றும் மாறவில்லை: கம்பி நீண்டால் சுரம் இறங்கும், இழுவிசை கூடினால் ஏறும், எடை கூடினால் இறங்கும். கிட்டாரின் கீழ் இ கம்பி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. மீட்டருக்கு ஏறத்தாழ 7 கிராம் எடையுள்ள அந்தக் கம்பி சுமார் 8 கிலோ இழுவிசையில் நிற்கிறது. அதே கம்பியைத் தளர்த்தி 41-க்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். அதிர்வெண் பாதியாக வேண்டுமென்றால் இழுவிசை நாலில் ஒன்றாக வேண்டும். மிஞ்சுவது 2 கிலோ. அந்த நிலையில் கம்பி துணி காயப்போடும் கொடியாகத் தொய்ந்து ஃப்ரெட்டுகளில் அடித்துக்கொள்ளும். ஆகவே பேஸில் எடையைக் கூட்டினார்கள். உருக்குக் கம்பியின்மேல் மேலும் மேலும் கம்பி சுற்றி மீட்டருக்கு 35 கிராம் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கழுத்தையும் நீட்டினார்கள். 1951-இல் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸில் அதிரும் நீளம் 34 அங்குலம். அவருடைய கிட்டார்களில் அது 25½ அங்குலம். இழுவிசையோ கிட்டார் கம்பியினுடையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கிட்டாரிலிருந்து வருபவருக்கு முதல் வாரம் விரல்நுனி வலிப்பதும், இடக்கை எட்டாமல் தவிப்பதும் மெர்சென் விதியின் நேரடி விளைவுகள்.

அடுத்தது, கம்பியை எங்கே சுண்டுகிறோம் என்பது. எந்தக் கம்பியும் ஒரே வேகத்தில் மட்டும் அதிர்வதில்லை. 41 ஹெர்ட்ஸ் அடிச்சுரத்தோடு 82, 123, 165 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே எழுகின்றன. 1800-இல் தாமஸ் யங் இதில் ஓர் ஒழுங்கைக் கண்டார். ஒரு மேற்சுரத்தின் அசையாப்புள்ளி எங்கே இருக்கிறதோ அங்கே சுண்டினால் அந்த மேற்சுரம் எழாது. சரிபாதியில், அதாவது பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேராகச் சுண்டிப் பாருங்கள். இரட்டைப்படை மேற்சுரங்கள் எல்லாம் விலகி, உள்ளே கூடு விழுந்த ஓசை வரும். பிரிட்ஜுக்கு அருகே சுண்டினால் மேற்சுரங்கள் முன்னே வந்து ஓசை கூர்மையாகும். பேஸ் வாசிப்பவரின் வலக்கை ஓர் அங்குலம் நகர்ந்தாலே பாட்டின் நிறம் மாறுவது இதனால்தான். கிட்டார்காரர்கள் பெரும்பாலும் இடக்கையைப் பற்றியே கவலைப்படுவார்கள். பேஸில் வலக்கைக்கு வேலை அதிகம்.

யங்கின் விதியைத் தமிழ் வாசகர் வேறொரு வழியாகவும் அறிந்துகொள்ள வேண்டும். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன், ஒளிச்சிதறலில் இறங்கிப் புகழ்பெறுவதற்கு முன் கல்கத்தாவில் இசைக்கருவிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். தம்புராவிலும் வீணையிலும் அசையாப்புள்ளியில் சுண்டினாலும் எழக்கூடாத மேற்சுரம் வலுவாக எழுகிறது என்று 1921-இல் எழுதினார். காரணம் அந்தக் கருவிகளின் பிரிட்ஜ். அது கத்திமுனை அல்ல. அகலமான, மெல்ல வளைந்த பரப்பு. அதிரும் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அந்தத் தொடுதல், ஆற்றலை ஒரு மேற்சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிடுகிறது. பேஸ் கிட்டாரின் பிரிட்ஜ் கூர்மையானது என்பதால் யங்கின் விதி அங்கே செல்லுபடியாகிறது. ஃப்ரெட் இல்லாத பேஸில் மட்டும் கம்பி விரல்பலகையின் மரத்தையே மெல்ல உரசுவதால், தம்புராவுக்கு உறவான ஓர் இரைச்சல் இழை அதில் கேட்கும். தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஓசை உடனே பிடித்துப்போவதில் வியப்பில்லை.

சுண்டிய அதிர்வை மின்சாரமாக்குவது பிக்கப். காந்தத்தைச் சுற்றிய நுண்கம்பிச் சுருள் அது. மேலே உருக்குக் கம்பி ஆடும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. இங்கே ஒரு முக்கியமான விவரம் இருக்கிறது. பிக்கப் பிரிட்ஜை ஒட்டியே இருக்கிறது. அந்த இடத்தில் அடிச்சுரத்தின் வீச்சு குறைவு, இரண்டாம் மேற்சுரத்தின் வீச்சு அதிகம். தவிர, பிக்கப் உணர்வது கம்பியின் வேகத்தை. வேகமாக ஆடும் மேற்சுரங்களுக்கு அதில் முன்னுரிமை கிடைக்கிறது. இரண்டும் சேர்ந்து, கீழ் இ கம்பியைச் சுண்டும்போது கேபிளில் வலுவாக வருவது பெரும்பாலும் 41 அல்ல, 82. நாம் அதை 41 ஹெர்ட்ஸ் சுரம் என்கிறோம். காதும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது. இந்த முரண்பாட்டுக்குக் காதிடம் வரும்போது விடை சொல்கிறேன்.

கிட்டார்காரர் பேஸில் செய்யும் இயல்பான முதல் காரியம் ஒரு கார்ட் பிடித்துப் பார்ப்பது. கேட்கச் சகிக்காது. விரலைக் குறை சொல்ல வேண்டாம். நம் உட்செவியில் ஒலியைப் பகுக்கும் சவ்வு கீழ்ச்சுரங்களில் சுமார் 100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டைகளாகத்தான் பிரித்தறிகிறது. கிட்டாரின் மேல்கம்பிகளில் இ-யும் ஜி ஷார்ப்பும் சேர்ந்து ஒலித்தால் அவற்றுக்கு நடுவே போதிய இடைவெளி உண்டு. பேஸின் அடியில் அதே இரண்டு சுரங்களும் 41, 52 ஹெர்ட்ஸ். இடைவெளி 11-க்கும் குறைவு. இரண்டும் ஒரே பட்டைக்குள் விழுந்து ஒன்றையொன்று மோதி உறுமுகின்றன. 1965-இல் பிளாம்ப், லெவெல்ட் என்ற டச்சு ஆய்வாளர்கள் இனிமைக்கும் கரகரப்புக்கும் இந்தப் பட்டை அகலமே அடிப்படை என்று காட்டினார்கள். பேஸ் வாசிப்பவர்கள் ஒரு நேரத்தில் ஒரு சுரம் வாசிப்பது வழக்கத்தால் வந்ததன்று, உட்செவியின் கட்டளை. ஜி ஷார்ப் கட்டாயம் வேண்டுமென்றால் அதை ஓர் எண்மம் (ஆக்டேவ்) மேலே தூக்கிவையுங்கள். 41-ஓடு 104 சேரும்போது கரகரப்பு பெருமளவு விலகிவிடும். இதே காரணத்தால், வாசிக்காத கம்பிகளை விரலால் அடக்கிவைப்பதும் பேஸில் பாதி வித்தை. தானாக அதிரும் ஒரு கம்பி முழுப் பதிவையும் சேறாக்கிவிடும்.

இனி அறை. கேமரன் மலையின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. ஒலி இங்கே வேறு வேகத்தில் போகுமோ என்று சிலர் நினைப்பதுண்டு. உயரம் அதைத் தீர்மானிப்பதில்லை. அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். வெப்பம்தான் தீர்மானிக்கிறது. 33 டிகிரி கோலாலம்பூரில் நொடிக்கு 351 மீட்டர் போகும் ஒலி, 16 டிகிரி மலையிரவில் 341 மீட்டர்தான் போகும். அந்தச் சிறிய வித்தியாசத்தைவிட அறையின் அளவே முக்கியம். பத்தடி இடைவெளியில் இரண்டு சுவர்கள் எதிரெதிராக நின்றால், 56 ஹெர்ட்ஸ் அலை அவற்றுக்கிடையே நின்றுகொண்டு ஆடும். பேஸின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அதனால் அந்த ஒரு சுரம் மட்டும் அறைக்குள் குமுறும், அடுத்த சுரம் அடங்கிவிடும். இன்னும் வேடிக்கை, அறையின் நடுவில் உட்கார்ந்தால் அதே ஏ காணாமல் போகும்; மூலையில் நின்றால் இரண்டு மடங்காகும். ஏ சுரத்தை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு அறைக்குள் மெதுவாக நடந்து பாருங்கள். சுரம் வருவதும் போவதுமாக இருக்கும். வாசித்தவர் மாறவில்லை, ஸ்பீக்கர் மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது.

இதைச் சரிசெய்யச் சுவரில் முட்டை அட்டை ஒட்டும் பழக்கம் ஊரெங்கும் பரவியிருக்கிறது. பேஸைப் பொறுத்தவரை அது வீண்செலவு. ஒலியை உறிஞ்சும் பொருள் நன்றாக வேலை செய்ய, அலைநீளத்தில் கால்பங்கு தடிமன் வேண்டும். 5 சென்டிமீட்டர் பஞ்சு 1,700 ஹெர்ட்ஸுக்கு மேல் நன்றாக உழைக்கும். 41 ஹெர்ட்ஸை அதே வழியில் அடக்க இரண்டு மீட்டர் தடிமன் தேவை. அறையில் ஆளுக்கு இடமிருக்காது. முட்டை அட்டை மேல்சுரங்களை மட்டும் தின்றுவிட்டுக் கீழ்ச்சுரங்களை அப்படியே விட்டுவிடுவதால் அறை முன்னைவிட மந்தமாகிறது.

பழைய பலகைச் சுவர் லயங்களை ஏழ்மையின் அடையாளமாகவே பார்த்துப் பழகியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: பேஸ் கேட்க அவை புதிய கான்கிரீட் வீடுகளைவிட நல்லவை. மெல்லிய பலகை, கீழ்ச்சுரம் மோதும்போது தானும் சற்று அசைந்து ஆற்றலை எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடுகிறது. நின்று ஆடும் அலை அங்கே வலுப்பெற முடியாது. கான்கிரீட் அறை அந்த அலையைச் சிறைவைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கும். இதற்கு விலை கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரர். பாட்டின் சொல்லும் மெட்டும் அவரை எட்டாது, 'தும் தும்' மட்டும் எட்டும். இரவில் இன்னும் மோசம். பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று தங்கி, மேலே சற்று வெப்பமான காற்று நின்றால், மேல்நோக்கிப் போக வேண்டிய ஒலி வளைந்து கீழே இறங்கும். தேயிலைச் செடிகள் கீழ்ச்சுரத்தை மறிப்பதில்லை. கோயில் திருவிழா மேளம் எதிர்மலைச் சரிவில் துல்லியமாகக் கேட்பதும், நடுநிசியில் ஒருவர் வாசிக்கும் பேஸ் அடுத்த லயத்தின் தூக்கத்தைக் கலைப்பதும் ஒரே இயற்பியல்.

ஆகவே கேபிளை நேராக இன்டர்ஃபேஸில் செருகி, ஹெட்போனில் கேட்டு வாசிப்பதே இந்த வீடுகளுக்குப் பொருத்தமான வழி. அறை பதிவுக்குள் நுழையவே முடியாது. செருகும்போது கிட்டாருக்கென்று குறித்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைக்குக்கான உள்ளீடு பிக்கப்பின் மெல்லிய மின்னழுத்தத்தை இழுத்து மேற்சுரங்களை மழுக்கிவிடும். மென்பொருள் 128 மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் 3 மில்லிநொடி தாமதம் வரும். அது ஆம்பிளிஃபயரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்குச் சமம். போகவும் வரவும் எல்லாம் சேர்ந்து 10 மில்லிநொடிக்குள் இருந்தால் கை தடுமாறாது. அதற்குமேல் போனால், தாளத்தைத் தாங்க வேண்டிய பேஸ் பின்தங்கத் தொடங்கும்.

மலை வானிலை இதில் ஒரு வசதியும் செய்துதருகிறது. பிற்பகல் மழை தகரக் கூரையில் விழும்போது எல்லா அதிர்வெண்களிலும் இரைச்சல் பரவுகிறது. மைக் வைத்துப் பாடவோ அகூஸ்டிக் கிட்டார் வாசிக்கவோ முடியாது. கேபிளில் போகும் பேஸுக்கு மழை கேட்காது. அதனால் மழைநேரத்தைப் பேஸுக்கும், மழை ஓய்ந்த அதிகாலையைப் பாட்டுக்கும் ஒதுக்குவது நல்ல திட்டம். சுருதியில் மட்டும் எச்சரிக்கை தேவை. மாலை 23 டிகிரியில் கூட்டிய சுருதி, இரவு 16 டிகிரிக்கு இறங்கும்போது சற்று ஏறியிருக்கும். உருக்கு, கழுத்து மரத்தைவிட அதிகமாகச் சுருங்கி இழுவிசையைக் கூட்டுவதே காரணம். ஈரம் வேறு கதை. அகூஸ்டிக் கிட்டாருக்கு ஏற்றது 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். மூடுபனி படியும் மலையில் அது பெரும்பாலும் மேலேயே இருக்கும். மேல்பலகை உப்பும், கம்பி மேலெழும், துருப்பிடிக்கும். உடல் முழு மரக்கட்டை என்பதால் பேஸ் இதை ஓரளவு தாங்கும். ஆனால் கழுத்தின் வளைவு மாறும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுவைப்பது மலிவான காப்பு.

டியூனர் கருவி கீழ் இ கம்பியில் தடுமாறுவதையும் பலர் பழுது என்று நினைக்கிறார்கள். ஒரு சுற்று முடியவே 24 மில்லிநொடி ஆகிறது. கருவி சில சுற்றுகளைப் பார்த்தால்தான் முடிவுக்கு வர முடியும். பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் மணியோசையைக் கொடுத்தால் உடனே பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் அது 82.

இப்போது காது. 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற அமெரிக்கர்கள், நாம் எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்று அளந்து காட்டினார்கள். 1,000 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்று 40 டெசிபெலில் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 40 ஹெர்ட்ஸ் சுரம் அதே அளவு உரப்பாகத் தோன்ற இன்றைய அளவீட்டின்படி 82 டெசிபெல் தேவை. ஒலியை உயர்த்தினால் இடைவெளி சுருங்குகிறது. 80 டெசிபெலில் வேறுபாடு சுமார் 25-தான். ஊர் தூங்கும் நேரத்தில் ஒலியைக் குறைத்து வைத்துக் கலவை செய்பவர், பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். மறுநாள் திருமண மண்டப ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் மட்டும் இடிக்கும். இதற்கு மாற்று, பகலில் மிதமான ஒலியில் ஒருமுறை கேட்டு, முன்பே நன்கறிந்த ஒரு பாடலோடு ஒப்பிட்டு, அளவை அங்கேயே நிறுத்திவிடுவது.

கைப்பேசியில் கேட்பவர்களுக்கு நிலைமை வேறு. நகம் அளவு ஸ்பீக்கர் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. 41 அதில் வராது, 82 வராது, 165-உம் தேறாது. ஆனாலும் நல்ல பதிவுகளில் கைப்பேசியிலேயே பேஸின் நடையைத் தொடர முடிகிறது. 1841-இல் ஆகஸ்ட் ஸீபெக் என்ற ஜெர்மானியர் துளையிட்ட வட்டத்தட்டைச் சுழற்றிக் காற்றூதி இதன் விதையைக் கண்டார். அடிச்சுரம் மிகமிக வலுவற்றிருந்தாலும், மேற்சுரங்களின் வரிசை சரியாக இருந்தால் காது அந்த அடிச்சுரத்தையே கேட்கிறது. ஓம் விதி தந்த ஓம் அதை மறுத்து வாதிட்டார். நூறாண்டுக்குப் பின் டச்சு ஆய்வாளர் ஸ்கௌட்டன் ஸீபெக்கின் பக்கம் தீர்ப்பளித்தார். பழைய தொலைபேசிக் கம்பி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பவில்லை. ஆண்குரலின் அடிச்சுரமோ 100-ஐ ஒட்டியது. இருந்தும் ஈப்போவிலிருந்து பேசிய மாமாவின் குரல் மாமாவின் குரலாகவே கேட்டது. விட்டுப்போன அடிச்சுரத்தை மூளை கணக்கிட்டு நிரப்பியது. கேபிளில் 82 வலுத்திருந்தும் நாம் 41-ஐக் கேட்பதற்கும் இதுவே விடை: 82, 123, 165 என்ற வரிசைக்குப் பொதுவான அடி 41 மட்டுமே.

வீட்டில் பதிவு செய்பவருக்கு இது கையில் பிடித்துப் பயன்படுத்தக்கூடிய அறிவு. பேஸ் பதிவை இரண்டு பிரதியாக்கி, ஒன்றை அப்படியே விட்டுவிட வேண்டும். மற்றதில் கொஞ்சம் டிஸ்டார்ஷன் சேர்த்து, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிட்டு, தனியே கேட்டால் கரகரப்பாகவும் பாட்டோடு கேட்டால் தெரியாமலும் இருக்கும் அளவில் கலக்க வேண்டும். டிஸ்டார்ஷன் புதிய மேற்சுரங்களை 41-இன் மடங்குகளாகவே உண்டாக்கும்: 330, 371, 412 என்று. அவை கைப்பேசியில் ஒலிக்கும். கேட்பவர் அவற்றை வைத்தே கீழ் இ-யை உணர்ந்துகொள்வார். பேஸ் கிட்டார் வாங்கப் பணம் சேரும்வரை, கிட்டாரின் கீழ்க்கம்பிகளில் பேஸ் நடையை வாசித்து மென்பொருளால் ஓர் எண்மம் இறக்கியும் பழகலாம். விரல் சுண்டும் சத்தமும் சேர்ந்து இறங்குவதால் ஓசை கொழகொழப்பாகத்தான் இருக்கும். ஆனால் எந்தச் சுரத்தில் நிற்பது, எங்கே மௌனம் விடுவது, மிருதங்கம்போல் தாளத்துக்கு முன்னே சாய்வதா பின்னே சாய்வதா என்பதையெல்லாம் கற்றுக்கொள்ள அது போதும். கருவி வந்ததும் முதலில் 'இளைய நிலா'வின் பேஸை மட்டும், கிட்டாரைத் தொடாமல், முழுப் பாடலுக்கும் வாசித்துப் பதிவு செய்து பாருங்கள்.